கண்டெடுத்தது வேறு, கொண்டுவந்தது வேறு

‘1974-இல் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் பிறந்த பிறகே மலேசியாவில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது’ என்கிறார்கள். தேசியப் பெருமிதம் புரிகிறது. வரலாறு அப்படி இல்லை.

1. சரவாக்கின் மிரியில் ஷெல் எண்ணெய் எடுத்தது 1910-இல். வாயுவும் அப்படித்தான்: சரவாக் கடலில் மத்திய லுக்கோனியா வாயுப் புலங்கள் தென்பட்டது 1960களின் இறுதியில். பிறக்காத நிறுவனம் எப்படிக் கண்டுபிடித்திருக்கும்?

2. 1974-ஆம் ஆண்டுப் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் மாற்றியது எண்ணெய், வாயு வளத்தின் உரிமையை; அதைப் பெட்ரோனாஸிடம் தந்தது. நிலத்தடியில் இருப்பதை மாற்றவில்லை.

3. வாயுவைக் கண்டால் போதுமா? எண்ணெயைப் பீப்பாயில் அடைக்கலாம். வாயுவுக்குக் குழாய் வேண்டும். இல்லையேல் மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்க வேண்டும். சரவாக்கின் பிந்துலுவிலிருந்து முதல் திரவ வாயுக் கப்பல் ஜப்பானுக்குப் புறப்பட்டது 1983-இல்தான்.

4. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் உள்ள காப்பார் மின்நிலையத்தைப் பாருங்கள். நிலக்கரி, எண்ணெய், வாயு மூன்றையும் எரிக்கும்படி கட்டினார்கள். ஏன்? 1981-இன் நான்கு எரிபொருள் கொள்கை எண்ணெயை மட்டும் நம்பாதே என்றது. கிழக்கே தெரெங்கானுக் கடலின் வாயு இந்த மேற்குக் கரைக்கு வர, தீபகற்பத்தைக் கடக்கும் குழாய் தேவைப்பட்டது.

பெட்ரோனாஸின் சாதனை கண்டுபிடிப்பில் தொடங்கவில்லை. உரிமையிலும் குழாயிலும் தொடங்கியது. அது சிறிய சாதனையா? இல்லாத பெருமையை ஏற்றினால், வாயுவைக் கொண்டுவந்த உழைப்பாளிகளின் உண்மையான பெருமையைத்தான் மறைக்கிறோம்.