ராத்திரி மட்டும் வந்த நாக்பூர்

போன வாரம் எங்கள் தெருக்கோடி நெசவாளர் வீட்டில் தறிக்கூடத்தை ஒழித்துச் சுத்தம் செய்தார்கள். பழைய டிரான்சிஸ்டர் ஒன்றை இரும்புக்கடைக்குப் போட வாசலில் வைத்திருந்தார்கள். நான் கையில் எடுத்துப் பார்ப்பதைக் கண்டு அந்த வீட்டுப் பையன், "எடுத்துக்கிட்டுப் போங்க சார், அதுல இப்ப என்ன வருது? வெறும் கொரகொரதான்" என்றான்.

எடுத்து வந்தேன். புது பேட்டரி போட்டு, ராத்திரி பத்தரை மணிக்கு மொட்டை மாடியில் வைத்து மீடியம் வேவில் திருகினேன். பையன் சொன்னதில் பாதி உண்மை. கொரகொர அதிகம்தான். ஆனால் அதற்குள்ளே திருச்சி கேட்டது; ஒரு தெலுங்கு நிலையம், ஒரு கன்னட நிலையம், எங்கிருந்தோ ஒரு இந்திப் பாட்டு என்று வந்து வந்து போயின. பகல் பன்னிரண்டு மணிக்கு அதே இடத்தில் திருகினால் இவற்றில் பெரும்பாலானவை இருக்காது. இதைத்தான் நாம் யோசிக்காமல் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

எழுபதுகளில் நான் ஆரணிக்கு வேலைக்கு வந்த புதிதில், தறிச் சத்தத்தோடு சேர்ந்து ரேடியோ பாடாத தெரு இங்கே இல்லை. கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் நம் ஊர்க்காரர்கள் மாதிரி. இலங்கை வானொலியைப் பகலில் ஷார்ட் வேவில் இழுத்துப் பிடித்துக் கேட்பார்கள். பொழுது சாய்ந்தால் மீடியம் வேவிலேயே வந்துவிடும். "ராத்திரியில காத்து குளுமையா இருக்குது, அதான் தெளிவா வருது" என்பார் ஒரு பெரியவர். காரணம் அதுவல்ல; ஆனால் அவர் கவனித்தது சரி.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே பல வீடுகளில் இருந்த பிரான்ஸ் நாட்டு மரப்பெட்டி ரேடியோக்களில் மீடியம் வேவ் என்று எழுதியிருக்காது. 'பே, ஓ' என்று இரண்டு எழுத்து இருக்கும். 'பெத்தித்ஸோந்த்', அதாவது சிற்றலை என்று பொருள். நாம் மத்திய அலை என்பதை அவர்கள் சிற்றலை என்றார்கள். நம் சிற்றலை அவர்களுக்கு 'ஓ, சே', குட்டையலை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் போய்த்தான் வானொலி அலைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். தரைக்கு மேல் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், வெயில் படும் நேரத்தில் காற்று மின்னேற்றம் பெறுகிறது. இதை டி அடுக்கு என்பார்கள். மேலே போகும் மத்திய அலையின் சக்தியை இது உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் பகலில் தரையை ஒட்டி வரும் அலை மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். சூரியன் மறைந்ததும் டி அடுக்கு சீக்கிரமே கலைந்துவிடுகிறது. அதற்கும் மேலே, 100 கிலோமீட்டரிலும் 250 கிலோமீட்டருக்கு மேலும் உள்ள அடுக்குகள் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். அவை அலையை வளைத்துத் தரைக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஒரே தாவலில் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் போய் இறங்கும். பாட்டு ஏறி இறங்குவதற்கும் காரணம் உண்டு: வெவ்வேறு வழியில் வரும் அலைகள் ஒரு நேரம் சேர்ந்துகொள்கின்றன, ஒரு நேரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

வானத்தில் இப்படி ஒரு அடுக்கு இருப்பதை 1924 டிசம்பரில் இங்கிலாந்தில் ஆப்பிள்டன் சோதித்து நிரூபித்தார். அவருக்கு 1947-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா முப்பதுகளிலேயே இந்த ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார்.

இந்த அறிவை நம் அரசாங்கமே ஒருமுறை அழகாகப் பயன்படுத்தியது. 1988 மே மாதம் ஆகாசவாணி தேசிய ஒலிபரப்பு தொடங்கியது. நாக்பூரில் ஆயிரம் கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், 1566 கிலோஹெர்ட்ஸ். சாயங்காலம் தொடங்கி விடியற்காலை வரை மட்டும் ஒலிபரப்பு. நாட்டின் நடுவில் ஒரு கோபுரம். மிச்ச வேலையை ராத்திரி வானம் பார்த்துக்கொள்ளும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நம் ஆரணிக்கு நேர் வடக்கே, ஏறக்குறைய அதே தீர்க்கரேகையில் இருக்கிறது நாக்பூர். தூரம் 900 கிலோமீட்டருக்கு மேல். பகலில் அந்த இடத்தில் இரைச்சல்தான். இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி வரும். எனக்கு இந்தி அரைகுறை. இருந்தும் தூக்கம் வராத இரவுகளில் நடுநிசிச் செய்தி கேட்டுவிட்டுத்தான் படுப்பேன்.

2018 டிசம்பர் கடைசியில், செலவைக் குறைப்பதற்காகத் தேசிய ஒலிபரப்பை மூட உத்தரவு வந்தது. இதற்கு ஒரு மாதம் முன்னால்தான், நவம்பர் 16-ம் தேதி, கஜா புயல் டெல்டாவில் கரையேறி மின்கம்பங்களையும் செல்போன் கோபுரங்களையும் சாய்த்துப் போட்டிருந்தது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

எதிர்த்தரப்பு வாதம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆயிரம் கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் மணிக்கு ஆயிரம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தின்னும். எஃப்.எம். தெளிவாக இருக்கிறது, செல்போனில் எல்லாம் வருகிறது, மீடியம் வேவை யார் கேட்கிறார்கள் என்று கேட்பார்கள். பிரான்ஸ் அரசு வானொலியே 2015 டிசம்பர் 31-ம் தேதியோடு மத்திய அலையை நிறுத்திவிட்டது. நம் நாட்டிலும் பல ஊர்களில் மீடியம் வேவ் நின்று எஃப்.எம். வந்துவிட்டது. அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. பாட்டுக்கு எஃப்.எம். போதும்.

ஆனால் எஃப்.எம். வளையாது. ஒரு நிலையம் அறுபது, எழுபது கிலோமீட்டரோடு முடிந்துபோகும். அந்த ஊர்க் கோபுரமே விழுந்தால் அந்த ஊருக்குப் பேச்சு மூச்சு இல்லை. மீடியம் வேவில் புயல் அடிக்காத தூரத்து ஊரிலிருந்து ராத்திரி செய்தி சொல்லலாம். கேட்பவருக்கு இரண்டு பேட்டரி போதும்; டேட்டா வேண்டாம், சந்தா வேண்டாம். அதனால் ஊருக்கு ஒன்று கேட்கவில்லை. நாட்டுக்கு நாலு திசையில் நாலு பெரிய மீடியம் வேவ் நிலையங்களை ராத்திரியாவது உயிரோடு வைத்திருங்கள் என்கிறேன். அவசரத்துக்கு என்று தீயணைப்பு வண்டி வைத்திருக்கிறோம். அது தினமும் ஓடவில்லை என்று யாரும் விற்றுவிடுவதில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். "இனி தேவையில்லை" என்று ஒரு வரிக் குறிப்பு எழுதிக் கோப்பை மூடுவது சுலபம். பிறகு தேவைப்படும்போது அதைத் திறக்க ஆள் இருக்காது. இருந்தவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள், சாமான் ஏலத்தில் போயிருக்கும்.

இந்த அலைவரிசையின் அருமை ஹாம் ரேடியோக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2012-ல் ஜெனீவாவில் நடந்த உலக ரேடியோ மாநாட்டில் 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். நம் வானொலிகளின் அலைவரிசைக்குச் சற்றே கீழே. பொதுவாக வெளிவிடும் சக்தி ஒரே ஒரு வாட்டுக்கு மேல் போகக்கூடாது. ராத்திரி விளக்கு அளவுகூட இல்லை. அதை வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் பேசுகிறார்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் ஜோ டெய்லர் இதற்காகவே கணினி முறை ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார். காதுக்கே எட்டாத சமிக்ஞையை, இரைச்சலுக்குள்ளிருந்து, இரண்டு நிமிடம் பொறுமையாகக் கேட்டு எடுத்துவிடுகிறது. 2004 சுனாமியின்போது அந்தமானில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் அம்மையார் ஷார்ட் வேவில் செய்தி அனுப்பியதையும் மறந்துவிடக்கூடாது. பொழுதுபோக்கு என்று ஆரம்பித்ததுதான் அன்றைக்குக் கைகொடுத்தது.

கடைசியாக, கொரகொர விஷயம். அதற்கு வானம் மட்டும் காரணமல்ல, நாமும்தான் காரணம். வடிகட்டி வைக்காத மலிவு எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் மீடியம் வேவில்தான் கத்துகின்றன. அன்று மாடியில் நான் முதலில் செய்தது, மாடிப்படி விளக்கை அணைத்ததுதான். பாதி இரைச்சல் அங்கேயே போயிற்று.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ரேடியோ இருந்தால் இரும்புக்கடைக்குப் போடாதீர்கள். மார்கழி ராத்திரியில் மாடிக்குக் கொண்டுபோங்கள். வீட்டு விளக்கை அணையுங்கள். முள்ளை மெதுவாக நகர்த்துங்கள். இரண்டு நிலையம் கலந்து வந்தால் பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் ஏரியல் ஒன்றை அமுக்கி மற்றதைக் கேட்க விடும். பேரப்பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள்.

அந்தப் பையனை நேற்று மாடிக்கு அழைத்துக் கேட்க வைத்தேன். பத்து நிமிடம் பேசாமல் கேட்டுவிட்டு, "சார், ரேடியோவை நானே திருப்பி எடுத்துக்கிறேன்" என்றான். கொடுத்துவிட்டேன்.