உழவு: தொழுகையும் தொழிலும்

கோடம்பாக்கத்தில் நாம் குடியிருக்கும் அடுக்ககத்துக்கு மாதம் ஒருமுறை ஒரு சிறிய சரக்கு வண்டி வரும். ஓட்டிவருபவர் நம் பழைய மாணவர். தமிழ் இலக்கியத்தில் இளங்கலை முடித்தவர். திரைப்பட உதவி இயக்குநராகும் ஆசையில் இதே கோடம்பாக்கத்தில் ஆறு ஆண்டுகள் அலைந்தார். பிறகு திண்டிவனத்துக்கு அப்பால் உள்ள தம் ஊருக்கே திரும்பிப் பயிர் வைக்கத் தொடங்கினார். தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, பருவத்தில் மல்லாட்டை என்று எதையாவது கொண்டுவருவார். சென்ற முறை வந்தபோது எங்கள் குடியிருப்பின் பெரியவர் ஒருவர் அவருடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "நீங்கள்தான் தம்பி எங்களுக்குக் கடவுள்" என்று மனமுருகிச் சொன்னார். சொல்லிவிட்டு, கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்கமுடியுமா என்றும் கேட்டார்.

மாணவர் சிரித்தபடியே குறைத்துக் கொடுத்தார். பிறகு மேலே வந்து காப்பி அருந்தும்போது, "கடவுளிடம் யாரும் பேரம் பேசமாட்டார்கள் ஐயா. கடவுளாக இருப்பதைவிடக் கடைக்காரராக இருந்தால் கட்டுப்படியாகும் போலிருக்கிறது" என்றார். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆயினும் சில நாட்களாக அந்தச் சொல் நம்மை விடவில்லை.

கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ்ச் சூழலில் உழவரைப் பற்றிய பேச்சு பெருகியிருக்கிறது. 2007இல் 'பசுமை விகடன்' தொடங்கப்பட்டது. 2017ஆம் ஆண்டின் சல்லிக்கட்டுப் போராட்டத்தில் மெரினாவில் திரண்ட இளைஞர்கள் நாட்டு மாட்டைப் பற்றியும் மரபு விதையைப் பற்றியும் பேசினார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் வேளாண்மைக்கென்று முதன்முதலாகத் தனி நிதிநிலை அறிக்கை வைக்கப்பட்டது. திரைப்படமும் தன் பங்குக்கு 1967இன் 'விவசாயி'யிலிருந்து 2014இன் 'கத்தி' வரை உழவனைப் போற்றியே வந்திருக்கிறது. 2022இல் வெளியான 'கடைசி விவசாயி' மட்டும் இவ்வரிசையில் சற்று விலகி நிற்கிறது. அதில் நடித்த நல்லாண்டி என்னும் முதியவர் மெய்யாகவே உழவர். படம் திரைக்கு வருமுன்பே அவர் காலமானார். அவர் அதில் முழக்கமிடவில்லை, தம் பயிருக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்ற கவலையோடு நடமாடினார். போற்றுதலுக்கும் பார்த்தலுக்கும் உள்ள வேறுபாடு அதுவே என்று நமக்குப்பட்டது.

பத்திரிகைகளில் வரும் 'கணிப்பொறி வேலையைத் துறந்து கழனிக்குத் திரும்பியவர்' கதைகளையும் வாசகர்கள் அறிவார்கள். பெரிய சம்பளம், மனச்சோர்வு, ஒரு நாள் கேட்ட நம்மாழ்வார் உரை, ராஜினாமா, பசுமையான வயலில் புன்னகைக்கும் ஒரு நிழற்படம். அவர்கள் போலிகள் என்று நாம் சொல்லவரவில்லை. பலர் உண்மையாகவே உழைக்கிறார்கள். ஆனால் அக்கதைகளில் மூன்று செய்திகள் பெரும்பாலும் இருப்பதில்லை. நிலம் யாருடையது, அதில் குனிந்து வேலை செய்பவர் யார், மூன்றாம் ஆண்டின் வரவு செலவு என்ன என்பவையே அவை.

இந்தக் கேள்விகளைக் கோடம்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்பது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆனால் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் கதையும் அதுதான். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நெடிய ஏரி இருந்தது. 1920களில் அதன் மாம்பலப் பகுதியை வற்றச்செய்துதான் தியாகராய நகர் உருவாயிற்று. மேற்கு மாம்பலத்தில் ஏரியின் பெயர் தாங்கிய சாலை இன்றும் உண்டு, ஏரிதான் இல்லை. உழவுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவருக்கு 1976இல் எழுப்பப்பட்ட கோட்டமும் தூர்ந்த ஏரியின் மீதே நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 'நவீன வேளாண்மை' என்பது ஒரு பாடமாகத் தொடங்கியது இங்கிருந்து நடந்துபோகும் தொலைவில்தான். 1868இல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. அது 1906இல் கோவைக்குப் பெயர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆகவே நவீன வேளாண்மை என்பது நேற்றுக் கைப்பேசியோடு வந்த புதுமையன்று. ஒன்றரை நூற்றாண்டாக நம்மிடையே நடந்துவரும் ஒரு விவாதம்.

அந்த விவாதத்தின் கூர்மையான கட்டம் தஞ்சையில் நிகழ்ந்தது. 1960களில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் தெரிவான மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல்லும் உரமும் கடனும் வந்தன. விளைச்சல் பெருகிற்று. பெருகிய விளைச்சலில் தமக்குரிய கூலியைக் கேட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் எரிந்த குடிசையும், அதில் மாண்ட 44 உயிர்களும் சான்று. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' ஆகிய நாவல்கள் இதைப் பேசின. சேற்றில் நின்றவர்களின் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் 'சேற்றில் மனித'ர்களில் எழுதினார். இலக்கிய வாசகர்களாகிய நாம் இவற்றைப் படித்திருக்கிறோம். படித்த பின்னும் 'உழவர்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் உருவம், ஏர் பிடித்து நிற்கும் நிலவுடைமையாளர் ஒருவருடையதாகவே இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் ஏறத்தாழ 42 லட்சம். வேளாண் கூலித் தொழிலாளர்கள் ஏறத்தாழ 96 லட்சம். நம் மனத்தின் உருவத்தில் அந்த 96 லட்சத்துக்கு இடமில்லை.

நம்மாழ்வாரைக் கடவுளாக்கிவிட்டோம், அவர் செய்ததை மறந்துவிட்டோம். அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றவர். 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசுப் பணியில் இருந்தார். மானாவாரி உழவனால் வாங்கமுடியாத உரத்தையும் மருந்தையும் கொண்டு அவனுக்காக ஆய்வு நடத்துவதில் பொருளில்லை என்று கண்டு, 1969இல் பணியைவிட்டு விலகினார். அவர் எழுப்பிய முதற் கேள்வி புனிதம் பற்றியதன்று, இடுபொருள் செலவைப் பற்றியது. செலவு உழவன் கைக்குள் இருக்கவேண்டும் என்பதே அவர் பேச்சின் அடிநாதம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து 'நெல்' ஜெயராமனும் அப்படியே. 2006 முதல் ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் விதை தானமாகத் தரப்படவில்லை. 2 கிலோ விதை பெற்றவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். 170க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகள் பலருடைய வயல்களில் மீண்டும் முளைத்தது இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான். இவ்விருவரும் 2013லும் 2018லும் மறைந்தார்கள். படங்களுக்கு மாலையிடுகிறோம். அவர்களுடைய கணக்கை எடுத்துப் பார்ப்பதில்லை.

நம் மாணவரின் கணக்குக்கு வருவோம். தாயார் பெயரில் இரண்டு ஏக்கர், குத்தகைக்கு மூன்று ஏக்கர். தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. அவ்வகையில் அவர் நம் மாநிலத்தின் சராசரி உழவர். மரபு நெல் பலவும் நெடுங்காலப் பயிர்கள். உயரமாக வளர்பவை ஐப்பசி கார்த்திகை மழைக் காற்றில் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரில் அறுவடை இயந்திரம் எளிதாக ஓடாது. ஆட்களை வைத்து அறுத்தால் கூலி கூடும். நெல்லை வியாபாரியிடம் நெல்லாகவே போட்டால் நட்டம். ஆகவே உலர்த்தி, தீட்டாமல் அரைத்துத் தரும் சிறிய ஆலையைத் தேடி, சலித்து, பையிலிட்டு, வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு வண்டியில் கொண்டுவருகிறார். தீட்டாத அரிசியில் வண்டு சீக்கிரம் விழும். வண்டு விழுந்த மூட்டையைத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.

"பயிர் வைப்பது பாதி வேலைதான் ஐயா. மீதிப் பாதி கணக்கு எழுதுவதும் போனில் பதில் சொல்வதும்" என்பார். அவர் ஒரு நீண்ட குறிப்பேடு வைத்திருக்கிறார். உழவுக் கூலி, நாற்றங்கால், நடவு, களை, டீசல், ஆலைக் கூலி எல்லாம் அதில் உண்டு. முதலிரண்டு ஆண்டுகள் தம் உழைப்புக்குக் கூலி எழுதாமலே இலாபம் என்று நினைத்திருந்தாராம். தம் பெயரிலும் தாயார் பெயரிலும் நாள் கூலி எழுதத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில்தான் நட்டம் என்று தெரிந்ததாம். அதன் பிறகு பயிர்த் திட்டத்தை மாற்றினார். நெல்லைக் குறைத்தார், மல்லாட்டையைக் கூட்டினார், கீரைக்கு ஒரு சிறு துண்டு ஒதுக்கினார், சொட்டுநீர்க் குழாய் போட்டார். இப்போது குடும்பம் நடக்கிறது. பெண் மட்டும் கிடைக்கவில்லை. பட்டதாரி, தீய பழக்கம் இல்லாதவர், கடன் இல்லாதவர். "விவசாயம் பார்க்கிறார்" என்றதும் பெண் வீட்டார் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். உழவரைக் கடவுள் என்பவர்களும் தம் மகளைக் கொடுக்கத் தயங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

ஏன் வாயில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். நாம் குடியிருக்கும் இந்த அடுக்கக வீட்டுக்கு முன்பணமாகக் கட்டியது, ஊரிலிருந்த நம் தந்தையார் பங்கு நிலத்தை விற்ற பணம். அந்த நிலத்தை நாம் ஒருநாளும் உழுததில்லை, நம் தந்தையாரும் உழுததில்லை. ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாகக் குத்தகைக்குச் செய்துவந்தது. குத்தகைச் சீட்டு எதுவும் எழுதப்படவில்லை. தமிழ்நாட்டில் 1955லேயே குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டமும் வந்தது. பதிவு செய்தால் நிலத்தை விற்கமுடியாமல் போகும் என்று நம் வீட்டில் பேசிக்கொண்டதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். கிரயத்தன்று அக்குடும்பத்தின் பெரியவர் பதிவு அலுவலக வாசலுக்கு வந்து, "நல்லா இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். நாம் அவர் கையில் ஒரு தொகையைக் கொடுத்தோம். அது அவருடைய உழைப்புக்கு ஈடன்று என்பது கொடுக்கும்போதே தெரியும். அந்த நிலம் இப்போது மனைப்பிரிவு. நாமோ வகுப்பறையில் மருதத் திணை நடத்துகிறோம்.

இதை மன்னிப்புக் கோரலாக எழுதவில்லை. உழவை வழிபடுவது எதை மறைக்கிறது என்பதற்கு நம் வீட்டிலேயே சான்று இருப்பதால் எழுதுகிறோம். பட்டாவில் பெயர் உள்ளவரே உழவர் என்று அரசும் கொள்கிறது. 2019இல் தொடங்கிய ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித் திட்டம், நிலம் தம் பெயரில் உள்ள குடும்பங்களுக்கே உரியது. அந்தப் பெரியவர் இருந்திருந்தால் அவருக்கு அது கிடைத்திராது. இத்தனைக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையத்தின் வழியில் அமைந்த 2007ஆம் ஆண்டு தேசியக் கொள்கை, குத்தகைதாரரையும் வாரதாரரையும் நிலமற்ற கூலித் தொழிலாளரையும் சேர்த்தே 'உழவர்' என்று வரையறுத்தது. அடக்க விலைக்கு மேல் ஐம்பது விழுக்காடு என்ற அவ்வாணையத்தின் பரிந்துரையை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்த வரையறையை நினைப்பவர் குறைவு.

இலக்கிய நண்பர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். உழவைத் தொழில் என்று சுருக்கலாமா, அது வாழ்க்கை முறையல்லவா, கணக்கு என்று தொடங்கினால் பெருநிறுவனங்கள் வந்து நிலத்தை அள்ளிக்கொள்ளாவா என்பார்கள். இந்த அச்சம் பொய்யன்று. ஆனால் நிலம் கைமாறிப் போவது கணக்குப் பார்ப்பதால் அன்று, கணக்குத் தெரியாமல் கடனில் மூழ்குவதாலேயே பெரும்பாலும் நேர்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியில் நூறு வயதைக் கடந்தும் வயலில் நின்று, 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2024இல் மறைந்த பாப்பம்மாள், முதலில் மளிகைக் கடையும் சிற்றுண்டிக் கடையும் நடத்தி, அந்த வருவாயில் நிலம் வாங்கியவர். அவருக்கு வாழ்க்கை முறையும் வரவு செலவும் தனித்தனியாக இருந்திருக்கமுடியாது. கி. ராஜநாராயணனின் கரிசல் சம்சாரிகளும் கணக்கில் கெட்டிக்காரர்களே. உழவரைக் கணக்கறியாத வெள்ளந்தியாகப் படைத்தது நகரத்தின் கற்பனை.

ஆகவே நவீன உழவர் என்று நாம் யாரைச் சொல்வோம்? டிராக்டரோ டிரோனோ வைத்திருப்பவரை அன்று. எதை விதைப்பது, எவ்வளவு செலவிடுவது, யாரிடம் விற்பது என்ற மூன்றையும் தாமே முடிவு செய்யக்கூடியவரை. தம்மிடம் வேலை செய்யும் பெண்ணுக்கு ஆணுக்குரிய கூலியைக் கொடுத்து அதையும் குறிப்பேட்டில் எழுதுபவரை. இவ்வளவு செய்தும் கையில் ஏதாவது நிற்கவேண்டும் என்றால், குத்தகைக்குப் பதிவு வேண்டும், ஒன்றியத்துக்கு ஓர் உலர்களமும் சிற்றாலையும் வேண்டும், வாங்குகிற நமக்குக் கொஞ்சம் நாணயமும் வேண்டும். முதலிரண்டும் அரசின் வேலை. மூன்றாவது நம் வீட்டு வாசலில் நடப்பது.

மாணவரிடம் அந்தக் குறிப்பேட்டின் படியைக் கேட்டிருக்கிறோம். இந்த ஆண்டு மருதத் திணை வகுப்பில் அதையும் வைத்து நடத்துவதாக எண்ணம். அடுக்ககப் பெரியவரிடமும் பேசினோம். அடுத்த முறை பேரம் பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டார், மூட்டையில் வண்டு இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. கேட்டபோது மாணவர் சிரித்தார். "அது நியாயமான நிபந்தனைதான் ஐயா. கடைக்காரனிடம் கேட்க வேண்டியதுதான்" என்றார்.