மேட்டூர் அணையின் பற்று வரவு

1925-இல் பணி தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று அன்றைய மதராஸ் மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் சூட்டித் திறக்கப்பட்ட மேட்டூர் அணைக்கு ஆன செலவு ரூ.4.80 கோடி என்பது அவ்வணையைப் பற்றிய ஏறக்குறைய எல்லா எழுத்துகளிலும் இடம்பெறும் செய்தி. அத்தொகைக்குள் அடங்காத செலவுகள் எவை, அவற்றைச் சுமந்தவர்கள் யார், இன்றும் சுமந்துகொண்டிருப்பவர்கள் யார் என்னும் கேள்விகள் அதே எழுத்துகளில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. அடித்தளத்திலிருந்து 15 மீட்டருக்குக் குறையாத உயரம் உடையவற்றைப் பேரணை என வகைப்படுத்துவது உலக வழக்கு; 214 அடி உயரமுள்ள மேட்டூர் அந்த அளவுகோலைப் பல மடங்கு கடந்தது. அதன் நன்மைகளும் தீமைகளும் அதே விகிதத்தில் பெரியவை.

நன்மையைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அணைக்கு முந்தைய காவிரிப் படுகையில் உழவர்கள் தென்மேற்குப் பருவமழையின் போக்கை நம்பியே நாற்றுவிட வேண்டியிருந்தது. ஓராண்டு வெள்ளம் பயிரை அழிக்கும், மற்றோராண்டு ஆறு காலம் தாழ்த்தி வரும். 120 அடி நீர்மட்டத்தில் 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) நீரைத் தேக்கும் மேட்டூர், இந்த நிச்சயமின்மையை ஒரு நாட்காட்டியாக மாற்றியது. ஜூன் 12 அன்று மதகு திறந்து ஜனவரி 28 அன்று அடைப்பது என்னும் வழக்கத்தைச் சார்ந்தே குறுவை, சம்பா, தாளடி ஆகிய மூன்று பருவங்களும் அமைந்தன. அதே திட்டத்தின் கீழ் வெட்டப்பட்டு இன்றும் மக்களால் 'புது ஆறு' என்றே அழைக்கப்படும் கல்லணைக் கால்வாய், காவிரி நீரை அதற்கு முன் காணாத ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களை நெல்வயல்களாக்கியது. ஒரு தலைமுறையின் பசியைப் போக்கிய இச்செயலை வெறும் காலனிய ஆணவம் என்று ஒதுக்குவோர் அந்த வட்டாரங்களில் சென்று அவ்வாறு சொல்லிப் பார்க்கலாம்.

ஆயினும் அந்த நாட்காட்டி வேறு சில ஊர்களின் நாட்காட்டியை நிறுத்தியே தொடங்கியது. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் கோடைகளில் பண்ணவாடி பரிசல்துறைப் பகுதியில், தேக்கத்தில் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் ஒரு கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளிப்படுவதை நாளிதழ்கள் படத்துடன் வெளியிடுகின்றன. சுற்றுலாப் பயணிகளும் திரள்கின்றனர். அந்தக் கோயிலில் வழிபட்டவர்களும் அந்த ஆலயத்தில் மணமுடித்தவர்களும் எங்கே குடியேறினார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்பதை அப்படங்களின் அடிக்குறிப்புகள் சொல்வதில்லை. அக்காலத்தில் நடைமுறையில் இருந்த 1894-ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டம் நிலத்துக்குப் பணம் தருவதை அறிந்ததே தவிர, மறுவாழ்வு என்னும் கடமையை அறியாதது. உரிமைப் பத்திரம் இல்லாத கூலி உழவரும் ஆற்றோரத்து மேய்ச்சலை நம்பியவரும் அதன் கண்ணுக்குத் தென்படாதவர்கள். மறுவாழ்வைச் சட்டக் கடமையாக்கிய புதிய நிலக் கையகப்படுத்தல் சட்டம் 2013-இல்தான் வந்தது.

இதைவிட வியப்பளிப்பது நீர்த்தேக்கத்தின் கரையோரத்தவர் நிலை. கண்ணெதிரே கடல்போல் நீர் விரிந்துகிடக்க, மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர்ப் பகுதிகள் மானாவாரி நிலங்களாகவே நீடித்தன. ஏனெனில் அணையின் நீர் கீழ்நோக்கிப் பாய்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. மேட்டூரின் உபரிநீரை மேலேற்றிச் சேலம் மாவட்டத்தின் 100 ஏரிகளை நிரப்பும் திட்டத்துக்கு 2020-இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. அணை திறந்து 86 ஆண்டுகள் கழிந்த பின் கிடைத்த அந்தத் தீர்வும் உபரியை மட்டுமே நம்பியது.

எல்லாவற்றிலும் குறைவாகப் பேசப்படுவது வண்டல். ஓடும் ஆறு நீரை மட்டும் சுமப்பதில்லை. மலைச்சரிவில் அரித்த நுண்மண்ணையும் மணலையும் சேர்த்தே கொண்டுவருகிறது. விரைந்துவரும் நீர் தேக்கத்தை அடைந்ததும் வேகம் இழக்கிறது, வேகம் இழந்ததும் சுமையை இறக்கிவைக்கிறது. மதகின் வழியே வெளியேறுவது பெரும்பாலும் சுமை நீங்கிய நீர். இதனால் இருபுறமும் இழப்பு நேர்கிறது. மேலே, தேக்கத்தின் கொள்ளளவு ஆண்டுதோறும் சுருங்குகிறது. எனினும் அன்றாட நீர்மட்ட அறிவிப்புகள் தொடக்க காலத்து 93.47 டி.எம்.சி.யையே இன்றும் முழுக் கொள்ளளவாகக் கொள்கின்றன. கீழே, கழிமுகம், அதாவது ஆறு கடலில் கலக்குமிடத்தில் தன் மண்ணைக் கொட்டிக் கட்டியெழுப்பிய நிலம், புது மண் வரத்தை இழக்கிறது. படுகையின் நிலம் இயல்பாகவே மெல்ல அமிழும் தன்மை கொண்டது. அதை ஈடுசெய்தது ஆண்டுதோறும் வந்த வண்டலே; அது குறையும்போது நிலம் தாழ்ந்து கடல்நீர் உட்புக வழி ஏற்படுகிறது. நாகப்பட்டினம் கடற்கரையின் கடைமடைச் சிற்றூர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பேறியதற்கு மேட்டூரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தவறு; மணல் கொள்ளையும், ஆழ்துளைக் கிணறுகளும், கர்நாடகத்து அணைகளும் அக்குற்றத்தில் பங்காளிகள். ஆனால் பங்காளிகள் பலர் இருப்பதாலேயே ஒருவரின் பங்கு இல்லாமற் போய்விடாது.

மேட்டூரில் தூர்வாரும் பணி முதன்முதலாகத் தொடங்கியது 2017 மே மாதத்தில், அதாவது 83 ஆண்டுகளுக்குப் பின். சுற்றுவட்டார உழவர்கள் டிராக்டர்களில் அள்ளிச்சென்று தம் வயல்களில் பரப்பிய அந்தக் கரிய மண், அணை இல்லாதிருந்தால் கடைமடை வரை சென்றிருக்கக்கூடியது.

மீன்களின் கதை சுருக்கமானது. கடலில் வளர்ந்து, ஆற்றில் வெள்ளம் புரளும் பருவத்தில் எதிர்நீச்சலிட்டு நன்னீரில் முட்டையிடும் உள்ளம் மீன், வங்காளிகள் ஹில்சா என்று கொண்டாடும் அதே மீன், வெள்ளமே கட்டுப்படுத்தப்பட்ட காவிரியில் அருகியது. மதராஸ் மாகாண மீன்துறையில் பணியாற்றிய பி. சுந்தரராஜ், மேட்டூர் இந்தியாவுக்குப் புகட்டும் பாடம் என்றே தலைப்பிட்டு 1941-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதன் பிறகு கட்டப்பட்ட பேரணைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் அதிகமில்லை என்றே கொள்ள வேண்டியுள்ளது.

சுதந்திர இந்தியாவில் அணைகளைப் புதிய காலத்தின் கோயில்கள் என்று போற்றிய நேரு, 1958-இல் நீர்ப்பாசனப் பொறியாளர்களிடையே பேசும்போது, எதையும் பேருருவாகவே கட்டும் மோகத்தை ஒரு நோய் எனக் குறிப்பிட்டார். முதற்கூற்று பாடநூல்களுக்குள் சென்றது; இரண்டாவது மறக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு அறிக்கை தந்த உலக அணைகள் ஆணையம், பேரணைகளால் உலகெங்கும் 4 முதல் 8 கோடி மக்கள் இடம்பெயர்ந்ததாக மதிப்பிட்டது. அணை கட்டி முடிந்த பின்னும் அதன் விளைவுகளைக் குறித்த கால இடைவெளியில் மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இந்தியா 2021-இல் இயற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம் சுவரின் உறுதியைச் சோதிக்கச் சொல்கிறது. சுவருக்கு மேலும் கீழும் வாழ்வோரின் நிலையைச் சோதிப்பது அதன் நோக்கத்தில் இல்லை.

இக்குறை இன்று கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. காவிரியின் குறுக்கே 67 டி.எம்.சி. கொள்ளளவில் கர்நாடகம் திட்டமிடும் மேகதாது அணை, சுமார் 5,000 ஹெக்டேர் நிலத்தை, பெரும்பாலும் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தின் காட்டை, மூழ்கடிக்கக்கூடியது. தமிழ்நாட்டின் எதிர்ப்பு ஏறத்தாழ முழுவதும் நீர்ப் பங்கைப் பற்றியதாகவே இருக்கிறது. மூழ்கும் காட்டையும், தடுக்கப்படும் வண்டலையும் குறித்த வாதம் ஓரத்தில் நிற்கிறது. சொந்த அணையின் தீமைகளை எழுதிவைக்காத சமூகம், அண்டை மாநிலத்தின் அணையை அந்த அடிப்படையில் எதிர்க்கும் வலுவையும் இழந்துவிடுகிறது.

மேட்டூர் அணைக்கு 2034-இல் நூறு வயதாகிறது. விழாவுக்கும் அஞ்சல்தலைக்கும் இப்போதே திட்டமிடுவோர் இருக்கக்கூடும். அதற்கு முன் தேக்கத்தின் இன்றைய உண்மைக் கொள்ளளவு, படிந்துள்ள வண்டலின் அளவு, மூழ்கிய ஊர்களின் பெயர்ப்பட்டியல், அவ்வூர் மக்களின் வழித்தோன்றல்களின் நிலை, கழிமுகக் கரையின் மாற்றம் ஆகிய ஐந்தையும் தமிழில் ஓர் அறிக்கையாகத் தமிழ்நாடு அரசின் நீர்வளத் துறை வெளியிட வேண்டும்.