கிராண்டு எங்கே?

வண்டி வாங்கியாயிற்று, பணமும் கட்டியாயிற்று, கிராண்டு மட்டும் வரவில்லை. கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து சங்கக் காரியாலயத்துக்கு வருகின்ற அங்கத்தினர்கள் வாயால் இதைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. சம்பளப் பாக்கி, சிக் லீவு, வீட்டுக் கூரை என்று வழக்கமாக வருகின்ற புகார்களுக்கு நடுவே இதுவும் ஒரு நிரந்தரப் புகாராகிவிட்டபடியால், இது குறித்து நாலு வார்த்தை எழுதுவது நம் கடமையாகிறது.

"இது சங்கத்தின் வேலையா? கடைக்கும் வாங்கினவனுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் அல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்கள் பெரும்பாலும் கார் வைத்திருப்பவர்கள். லயத்து வாசலிலிருந்து பிரட்டுக்களத்துக்கு நடந்தே போன காலம் ஒன்று இருந்தது. ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் சாய்த்து வீடமைப்புப் பேட்டை கட்டினார்கள். லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. எஞ்சியிருக்கும் வெட்டுக்காடு மட்டும் பத்துப் பதினைந்து மைலுக்கு அப்பால் நிற்கிறது. விடியற்காலை நாலரை மணிக்கு எந்த பஸ் ஓடுகிறது? பால்வெட்டுகிறவனுக்கு இன்று மோட்டார் சைக்கிள் உல்லாசப் பொருள் அல்ல. வெட்டுக்கத்தி எப்படியோ, பால்வாளி எப்படியோ, அப்படித்தான் அதுவும். அது நின்றால் சம்பளம் நிற்கிறது. ஆகவே இது சங்கத்தின் வேலைதான்.

நாம் நேரில் அறிந்த ஒரு விவகாரத்தைச் சொல்கிறோம். காப்பாருக்கு அப்பால் வேலை செய்கின்ற ஒரு பால்வெட்டுத் தொழிலாளி, கிள்ளானில் ஒரு கடையில் பழைய கப்சாய் ஒன்றை 3,200 வெள்ளிக்கு ரொக்கமாக வாங்கினார். பாதிப் பணம் கூட்டு மாதம் பிடித்தது. மீதிப் பாதி மனைவியின் சங்கிலி. கடையில் கொடுத்த ரசீதில் "மோட்டார் 1" என்று மட்டும் எழுதியிருந்தது. வண்டி எண் இல்லை, எஞ்சின் எண் இல்லை, பெயர் மாற்றிக் கொடுப்பது யார் பொறுப்பு என்ற பேச்சும் இல்லை. "அடுத்த வாரம் வாங்க அண்ணே, கிராண்டு ரெடியாயிடும்" என்றார்கள். ஏழு சனிக்கிழமை போய் வந்தார். எட்டாவது தடவை, தோட்டத்தில் கிராணியாக இருக்கிற நாமும் கூடப் போனோம். அப்பொழுதுதான் சங்கதி வெளியே வந்தது. வண்டியின் முந்தைய சொந்தக்காரர் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு இன்னும் பணம் கட்டி முடிக்கவில்லை. சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவில் அந்நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை அப்படியே நிற்கிறது. அது நீங்காதவரை பெயர் மாற்ற முடியாது. இன்னொருவர் பணம் வந்ததும் அந்தக் கடனை அடைத்துவிடலாம் என்று கடைக்காரர் இருந்திருக்கிறார். வருகிறவர் பணத்தில் போனவர் கடனை அடைக்கின்ற வியாபாரம்! இதற்குள் சாலை வரி முடிந்துவிட்டது. காப்புறுதியும் முடிந்துவிட்டது. வண்டி வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. மனிதர் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்.

3,200 வெள்ளிக்கு அவர் வாங்கினது என்ன? இரண்டு சக்கரமும் ஒரு எஞ்சினும் அல்ல. "இது என்னுடையது" என்று சர்க்கார் ஒப்புக்கொள்கின்ற உரிமையைத்தான் அவர் விலை கொடுத்து வாங்கினார். அந்த உரிமை வந்து சேரவில்லையென்றால் சரக்கு பாதிதான் வந்திருக்கிறது. பாதிச் சரக்குக்கு முழு விலை கொடுக்க வேண்டுமென்று எந்தச் சந்தையிலும் நியாயம் கிடையாது.

"கிராண்டு இல்லாவிட்டால் என்ன? வண்டி ஓடுகிறதல்லவா?" என்கிற இளைஞர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்காக இந்தியாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவர் புதிதாக பொலேரோ வண்டி ஒன்று வாங்கினார். 6 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்குக் காப்புறுதியும் எடுத்தார். பதிவு தற்காலிகப் பதிவுதான். அது 2011 ஜூலை 19ஆம் தேதியோடு முடிந்தது. நிரந்தரப் பதிவு வாங்கவில்லை. ஒன்பது நாள் கழித்து, ராஜஸ்தானின் ஜோத்பூரில் விடுதிக்கு வெளியே நிறுத்தியிருந்த வண்டி இரவோடு இரவாகக் களவு போயிற்று. காப்புறுதி நிறுவனம் கையை விரித்தது. பயனீட்டாளர் மன்றங்களில் அவர் பக்கம் தீர்ப்பானது. ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 செப்டம்பர் 30ஆம் தேதி, செல்லத்தக்க பதிவு இல்லாமல் வண்டியை ஓட்டினது காப்புறுதி ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறினதாகும் என்று தீர்ப்பாயிற்று. பத்து வருஷம் வழக்காடியும் ஒரு காசு கிடைக்கவில்லை. இந்தியச் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு என்பது உண்மை. ஆனால் பணம் கொடுக்க வேண்டிய நாள் வந்தால் காப்புறுதிக்காரர்கள் முதலில் தேடுவது தஸ்தாவேஜில் உள்ள ஓட்டையைத்தான் என்பது எல்லா நாட்டுக்கும் பொது.

விற்கிறவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஒரு காலத்தில் இரயில்வே குவாட்டர்ஸ் வரிசை வரிசையாக இருந்த பிரிக்பீல்ட்ஸில் நமக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். பழைய காரை ஒரு தரகரிடம் விற்றுவிட்டுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். ஆறு மாதத்தில், தாம் ஒருநாளும் போகாத ஊர்ச் சாலைகளிலிருந்து சம்மன்கள் வரத் தொடங்கின. பெயர் மாறவில்லை! இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. இந்தியாவில் 2007ல் விற்கப்பட்ட ஒரு கார் பல கை மாறி, 2009ல் விபத்தில் சிக்கி ஓர் உயிர் போயிற்று. பதிவில் நின்றது முதலில் விற்றவரின் பெயர். நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு பதிவில் பெயருள்ளவரே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018ல் சொல்லிவிட்டது. நம் நாட்டிலும் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், வண்டி கை மாறினால் 7 நாளுக்குள் இலாகாவுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவிக்காமல் தூங்கினால் சம்மன் வந்து எழுப்பும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கிராண்டு கையில் இல்லாததெல்லாம் மோசடி அல்ல. தவணைக் கொள்முதலில் வாங்கின வண்டி பதிவில் வாங்கினவர் பெயரில் இருக்கும். கடன் தீரும்வரை நிதி நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கையும் அதன் மேல் நிற்கும். அது முறையான காரியம். அதற்கென்று 1967ஆம் ஆண்டு தவணைக் கொள்முதல் சட்டம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளும் அதில் அடங்கும். பூர்த்தி செய்யாத பாரத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்றும், ஒப்பந்தத்தின் நகலை 14 நாளுக்குள் வாங்கினவருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கட்டளையிடுகிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினாலொழிய வண்டியை இழுக்க முடியாது. அப்பொழுதும் 21 நாள் எழுத்து மூலமான அறிவிப்பு வேண்டும். முக்கால் பங்கு கட்டியவரின் வண்டியைக் கோர்ட்டு உத்தரவில்லாமல் தொடவே கூடாது. இத்தனை பாதுகாப்பு சட்டத்தில் இருந்தும், நம்மவர் எத்தனை பேர் வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்!

ஆனால் "சம்போங் பாயார்" என்று ஒரு வழி இருக்கிறதே, அது வேறு. இன்னொருவர் கடனில் வாங்கிய வண்டியை, கடன் கொடுத்தவருக்குத் தெரியாமல் கையில் வாங்கிக்கொண்டு, மீதித் தவணையை நாம் கட்டுவது. முன்பணம் குறைவு, கேள்வி கிடையாது, அன்றைக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம். இதைவிட இனிப்பான தூண்டில் உண்டா? நாலு வருஷம் ஒழுங்காகக் கட்டினாலும் கிராண்டில் நம் பெயர் வராது. முதல் ஆள் நாம் கொடுத்த பணத்தை நிறுவனத்தில் கட்டாமல் விட்டால் வண்டி இழுக்கப்படும்; போலீஸில் சொல்லப் போனால் நாமே கேள்விக்கு ஆளாவோம். இந்த வழியில் போகவே போகாதீர்கள் என்று அங்கத்தினர்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம்.

கடைக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. சர்க்கார்களும் இவ்விஷயத்தில் சளைத்தவை அல்ல. கேரளத்தில் பதிவுக் கார்டும் லைசென்ஸும் அச்சிட்டுக் கொடுத்த நிறுவனத்துக்கு மாநில சர்க்கார் பாக்கி வைத்ததால், 2023 கடைசியில் அச்சு வேலையே நின்றுபோயிற்று. கட்டணம் கட்டிய லட்சக்கணக்கான பேர் மாதக்கணக்கில் கார்டுக்காகக் காத்துக் கிடந்தார்கள். தம் குடும்பத்தார் பட்ட பாட்டை நம் மலையாளத் தோழர்கள் அறிவார்கள். நம் நாட்டில் அந்த அளவுக்கு இல்லை. தனியார் வண்டிக்குச் சாலை வரிச் சீட்டை ஒட்ட வேண்டியதில்லை என்று 2023 பிப்ரவரியில் அறிவித்த பிறகு, மைஜேபிஜே என்ற கைப்பேசிச் செயலியில் அவரவர் பெயரில் உள்ள வண்டியைப் பார்த்துக்கொள்ள முடிகிறது. இதில் ஒரு நன்மை உண்டு. பெயர் மாறிவிட்டது என்று கடைக்காரர் சொன்னால், வீட்டில் பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு அங்கேயே பார்க்கச் சொல்லலாம்.

ஏமாந்தபின் போக இடம் உண்டா? உண்டு. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. முதலில் 10,000 வெள்ளி வரைதான் அங்கே கேட்கலாம். 2019ல் அது 50,000 வெள்ளியாயிற்று. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் கிடையாது, அவரவர் வழக்கை அவரவரே சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்குள் போய்விட வேண்டும். மன்றத்தின் தீர்ப்பை மதிக்காத கடைக்காரர் குற்றவாளியாகிறார். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வியாபாரமாக விற்கிறவர் மீதுதான் அங்கே போக முடியும், பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கின வண்டிக்கு அது உதவாது.

ஐந்து வெள்ளி என்று சொன்னோம். அது உண்மையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025ல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். மனுப் போட ஒரு நாள், விசாரணைக்கு ஒரு நாள், ஒத்திவைத்தால் இன்னொரு நாள். பிரட்டில் பேர் இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஏறக்குறைய 200 வெள்ளி போய்விடுகிறது. பஸ் கூலி தனி. எதிரே வந்து உட்காருகிறவரோ கடையின் மாதச் சம்பளச் சிப்பந்தி. அவருக்கு அன்றைக்கு ஏ.சி. அறையில் ஓய்வு. நீதி மலிவாக இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்குத்தான் விலை அதிகம். கடைக்காரர்கள் இதை நன்றாக அறிந்துதான் "அடுத்த வாரம்" என்கிறார்கள்.

ஆகவே இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும் என்கிறோம். தோட்டத் தொழிலாளர் மிகுந்த வட்டாரங்களில் மன்றம் மாலை வேளையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ விசாரணை நடத்த வேண்டும். அது முடியாதென்றால், விசாரணைக் கடிதம் காட்டுகிறவருக்கு நிர்வாகம் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும். அடுத்தது, பதிவில்லாமல் வியாபாரி வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்று இந்தியாவில் 1989லேயே விதி எழுதிவிட்டார்கள். அங்கே அது ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு கதை. இங்கே பழைய வண்டி விற்கிறவர்களுக்கும் அப்படி ஒரு விதி வரட்டும்: பெயர் மாற்றித் தராதவரை கடைசிப் பகுதிப் பணத்தைக் கடைக்காரர் தொடக் கூடாது.

விதி வரும்வரை அதை நாமே நடத்தலாம், தடுப்பார் யாருமில்லை. ஆயிரம் வெள்ளியாவது கையில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் மாறின அன்றைக்குத்தான் அதைக் கொடுப்பேன் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஒப்பாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள். கிள்ளானில் கடைக்குப் பஞ்சமில்லை.

தோட்டத்துக் கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. செக்ரோல் எழுதத் தெரிந்த நமக்கு ஒரு ரசீதைப் படித்துச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். வண்டி வாங்கப் போகிற தொழிலாளி நம் மேசைக்கு வந்தால், "எனக்கென்ன" என்று முகத்தைத் திருப்பாமல், ரசீதில் வண்டி எண், எஞ்சின் எண், கொடுத்த தொகை, பெயர் மாற்ற வேண்டிய தேதி, கடை முத்திரை ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுங்கள்.

ஏற்கனவே பணம் கட்டிக் கிராண்டு கிடைக்காதவர்கள், ரசீது, அடையாளக் கார்டு நகல், கடைக்காரர் அனுப்பின கைப்பேசிச் செய்திகள் ஆகியவற்றோடு தத்தம் கிளைச் செயலாளரிடம் வரவும். மன்றத்துக்கு மனு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது. செய்திகளை அழித்துவிட வேண்டாம்.