ஹெபடைடிஸ் பி: பரிசோதனைத் தாளை விளக்குவது யார் பொறுப்பு?

அறுவைச் சிகிச்சைக்கு முன்போ, ரத்ததான முகாமிலோ, கர்ப்பகாலப் பரிசோதனையிலோ, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோருக்கான மருத்துவத் தகுதித் தேர்விலோ, சற்றும் எதிர்பாராத ஒரு தருணத்தில்தான் நம்மவரில் பலருக்குத் தம் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது என்ற செய்தி தெரியவருகிறது. சரீரத்தில் யாதொரு உபாதையும் இன்றி, பகலெல்லாம் உழைத்து இரவில் நிம்மதியாக உறங்குகிற ஒரு மனிதரிடம் பரிசோதனைக்கூடத்தின் ஜன்னல் வழியாக ஒரு தாள் நீட்டப்படுகிறது. அதிலே தடித்த எழுத்தில் ‘ரியாக்டிவ்’ என்றும், அதன் பக்கத்தில் மூவாயிரத்துச் சொச்சம் என்று ஓர் எண்ணும் அச்சாகியிருக்கின்றன. “இது என்னம்மா?” என்று அவர் கேட்டால், “டாக்டரைப் பாருங்கண்ணா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல, ஜன்னலுக்கு அப்பால் இருக்கும் பெண்ணுக்கு அதிகாரமும் இல்லை, அவகாசமும் இல்லை. வேறு காரியத்துக்காகப் பரிசோதனை எழுதிக் கொடுத்த டாக்டரோ, தம் காரியத்துக்கு வேண்டிய முன்னெச்சரிக்கையைச் செய்துகொண்டு, ‘பிறகு ஒரு ஸ்பெஷலிஸ்டைப் பாருங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்தப் ‘பிறகு’ பலருக்கு வருவதேயில்லை. ஒரு மனிதரின் ரத்தத்தை எடுத்துச் சோதிக்கிறவர்கள், அந்தச் சோதனை என்ன சொல்லுகிறது, என்ன சொல்லவில்லை, அடுத்தபடி செய்யவேண்டியது என்ன என்று அவருடைய பாஷையில் அவருக்கு விளக்கிய பிறகே தங்கள் கடமை முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், சொல்லை விட அந்த எண்தான் அதிகம் பேரைக் கலங்கடிக்கிறது. மூவாயிரம் என்பது கிருமிகளின் எண்ணிக்கை அன்று. பரிசோதனை இயந்திரம் தான் கண்ட சமிக்ஞையின் அளவை, தனக்கென்று விதிக்கப்பட்ட எல்லை அளவால் வகுத்துத் தருகிற விகிதமே அது. அந்த விகிதம் எல்லையைத் தாண்டினால் ‘ரியாக்டிவ்’ என்று அச்சடிக்கும்படி இயந்திரம் அமைக்கப்பட்டிருக்கிறது. மூவாயிரம் என்று கண்டவர் சாகப் போகிறவரும் அல்லர், முந்நூறு என்று கண்டவர் தப்பியவரும் அல்லர். எல்லையை ஒட்டிச் சற்றே மேலேறி நிற்கும் எண்ணாக இருந்தால் மட்டும், அது பொய்த் தோற்றமாகவும் இருக்கக்கூடும் என்பதால், மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டு மூன்று வாரங்களுக்குள் சோதித்தால், ஊசியில் இருந்த புரதமே ரத்தத்தில் தென்பட்டு வீண் கலவரத்தை உண்டாக்குவதும் உண்டு.

அந்தப் புரதத்தைத்தான் ஹெச்.பி.எஸ்.ஏஜி. என்ற எழுத்துக்கள் குறிக்கின்றன. கிருமியின் மேலுறையைச் சேர்ந்த அதனை, 1960களில் பரூக் புளூம்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மஞ்சள் காமாலையைத் தேடிப் போகாமல், பல தேசத்து மக்களின் ரத்தத்தில் உள்ள பரம்பரை வேற்றுமைகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவருடைய ரத்தத்தில் கண்டார். ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’ என்று அதற்கு வழங்கிய பெயரை நம் மூத்த மருத்துவர்கள் சிலர் இன்னும் சொல்லக் கேட்கலாம். 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதென்றால், இன்றைய தேதியில் உடம்பில் கிருமி இருக்கிறது என்பது மட்டுமே பொருள். அது நேற்று வந்ததா, பிறந்த அன்றே வந்ததா, ஈரலைக் கெடுக்கிறதா, சும்மா இருக்கிறதா என்பதையெல்லாம் அந்த ஒரு பரிசோதனை சொல்லாது. ஆறு மாதம் கழித்துச் சோதித்தும் அது நீங்காமல் இருந்தால்தான் நாட்பட்ட தொற்று என்று கொள்வது மருத்துவ சம்பிரதாயம்.

குழப்பம் இதோடு நிற்பதில்லை. அடுத்த வரியிலே ‘ஆன்ட்டி-ஹெச்.பி.எஸ்.’ என்று ஒன்று இருந்து, அதற்கு எதிரே ‘பாஸிட்டிவ்’ என்று அச்சாகியிருந்தால், வியாதி வந்துவிட்டதாகவே எண்ணிக் கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில், மேலுறைப் புரதம் இல்லாதவருக்கு அது நற்செய்தி. கிருமியை எதிர்த்து உடம்பு தானே உண்டாக்கிக்கொண்ட காப்புச் சக்தியின் அடையாளம் அது. மில்லிலிட்டருக்குப் பத்து மில்லி யூனிட்டும் அதற்கு மேலும் இருந்தால் அவருக்கு இந்தக் கிருமி பற்றிய பயம் வேண்டியதில்லை. நர்ஸிங் படிக்கும் மாணவியருக்கும் பரிசோதனைக்கூட ஊழியருக்கும் மூன்று தடுப்பூசிகள் முடிந்து ஒன்றிரண்டு மாதம் சென்றபின் இதனைத்தான் சோதிக்கிறார்கள். மூன்றாவதாக வரும் ‘ஆன்ட்டி-ஹெச்.பி.சி.’ தடுப்பூசியால் உண்டாவதே இல்லை. உண்மையான கிருமி எப்போதாவது உள்ளே வந்து போயிருந்தால்தான் அது தோன்றும். அதிலே ‘ஐஜிஎம்’ என்ற வகை தென்பட்டால் தொற்று பெரும்பாலும் புதிது. மேலுறைப் புரதம் மறைந்து, காப்புச் சக்தி இன்னும் தலைகாட்டாத இடைக்காலத்தில், இந்த ஐஜிஎம் ஒன்றுதான் நடந்ததற்குச் சாட்சியாக நிற்கும்.

மேலுறைப் புரதம் இல்லாமல் ஆன்ட்டி-ஹெச்.பி.சி. மட்டும் இருப்பவரைப் பார்த்து, ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்புவதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் ஆரோக்கியமாக இருக்கிறவரையில் அது பெரும்பாலும் சரியே. ஆனால் குணமானவர் என்று நாம் கருதும் மனிதரின் ஈரல் அணுக்களுக்குள்ளும் கிருமியின் மரபுப்பொருள் நீறு பூத்த நெருப்பாக ஒளிந்திருக்கக்கூடும். பிற்காலத்தில் அவருக்குப் புற்றுநோய்க்காகவோ வேறு நோய்க்காகவோ எதிர்ப்புச் சக்தியை ஒடுக்கும் மருந்துகள், முக்கியமாக ரிட்டுக்ஸிமாப் போன்றவை, கொடுக்கப்படும்போது அது மூண்டெழுந்து உயிருக்கே ஆபத்தாக முடிந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. முன்கூட்டியே தெரிந்தால் தினம் ஒரு மாத்திரையால் தடுத்துவிடக்கூடிய விபரீதம் இது. ஆகையால் அந்தப் பழைய தாளைத் தூக்கி எறியாமல், நிலப்பத்திரத்தோடும் குடும்ப அட்டையோடும் சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குச் சொல்லவேண்டியது நம் கடமை.

இனி, கிருமி நாட்பட்டு நிலைத்துவிட்டவர்களின் விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022இல் நம் தேசத்தில் இத்தகையவர்கள் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர். இவர்களுக்கு ஹெச்.பி.இ.ஏஜி. என்ற பரிசோதனை, கிருமி மும்முரமாகப் பெருகுகிறதா என்பதைக் காட்டும், ஹெச்.பி.வி. டி.என்.ஏ. என்ற பரிசோதனைதான் ரத்தத்தில் கிருமியின் உண்மையான அளவைச் சொல்லும், எஸ்.ஜி.பி.டி. என்ற சாதாரணப் பரிசோதனை ஈரல் அணுக்கள் சேதமடைகின்றனவா என்பதைச் சொல்லும். ஸ்கேன் ஈரல் தழும்பேறிவிட்டதா என்பதைச் சொல்லும். டி.என்.ஏ. அளவு இரண்டாயிரம் யூனிட்டைத் தாண்டி, எஸ்.ஜி.பி.டி.யும் இயல்புக்கு மேல் சென்றால் சிகிச்சை தொடங்கலாம் என்றும், ஈரல் சுருங்கிய நிலையில் இருப்பவருக்கு அளவு எதுவாயினும் தொடங்கவேண்டும் என்றும் இன்றைய வழிகாட்டுதல் கூறுகிறது. இவை யாவும் சேர்ந்து வரையும் சித்திரத்தை வைத்துக்கொண்டு, ‘இப்போது உங்களுக்கு மருந்து வேண்டாம்’ என்று டாக்டர் ஒருவருக்குச் சொல்லும்போது, அந்த வாக்கியம் ஒருவர் காதில் ‘இதற்கு மருந்தே கிடையாது’ என்றும், இன்னொருவர் காதில் ‘எனக்கு நோயே கிடையாது’ என்றும் விழுகிறது. இரண்டும் தவறு, இரண்டாலும் உயிர்கள் போகின்றன. டெனோபோவிர், என்டெகாவிர் என்ற மாத்திரைகள் கிருமியை அடியோடு ஒழிப்பதில்லையே தவிர, அடக்கி வைக்கின்றன. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அவை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. மருந்து வேண்டாதவரும் டாக்டர் குறித்த தவணையில் வந்து ரத்தத்தையும் ஈரலையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஏனெனில் இந்தக் கிருமி மற்றக் காரணங்களைப் போலன்றி, ஈரல் சுருங்கும் வரையில் காத்திராமலே புற்றுநோயை உண்டாக்கவல்லது.

இந்த இடத்தில், நம்மவர் கைவிடாமல் பற்றிக்கொண்டிருக்கும் கீழாநெல்லியைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையன்று. அது வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கப்பட்டதும் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், மேலே சொன்ன புளூம்பெர்க்கையும் துணைகொண்டு, 1988இல் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் மறைந்ததாகவும், வெற்று மருந்து கொண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்ததாகவும் அதில் கண்டிருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற தேசங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. விஞ்ஞானத்தில் இப்படி நேர்வது யாருக்கும் இழுக்கன்று. நம் மண்ணின் மூலிகையைச் சோதனைக்கு உட்படுத்திய அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். அதை மதிப்பவன் என்ற முறையிலேயே, டெனோபோவிரைத் திடீரென நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிக்கு மாறுவது, அடங்கியிருந்த கிருமியை மீண்டும் எழுப்பி ஈரலைச் செயலிழக்கச் செய்யக்கூடிய அபாயம் என்றும் சொல்கிறேன். மஞ்சள் காமாலை கண்டபின்தான் வைத்தியம் என்ற பழக்கமும் இந்நோய்க்குப் பொருந்தாது. நாட்பட்ட தொற்றுள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளிப்பதே இல்லை, மஞ்சளிக்கும் நேரத்தில் காலம் கடந்திருக்கும்.

தாள் ஒருவர் பெயரில் வந்தாலும் விஷயம் அவரோடு முடிவதில்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து கிருமியைப் பெறும் சிசுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது ஆயுள் முழுதும் நிலைத்துவிடுகிறது. வளர்ந்தபின் தொற்றுபவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே நிலைக்கிறது. ஆகவே முப்பது வயதில் ‘ரியாக்டிவ்’ என்று கண்டவர் அதைத் தம் நடத்தையின் பலனாக எண்ணிக் குன்றவோ, மனைவியோ மாமியாரோ சந்தேகிக்கவோ பெரும்பாலும் நியாயமில்லை; தொட்டிலிலேயே வந்திருக்கக்கூடிய ஒன்று அது. தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கி வைக்கிற கொடுமைக்கும் ஆதாரமில்லை. கூட உண்பதாலோ, தழுவுவதாலோ, தாய்ப்பால் கொடுப்பதாலோ இது பரவுவதில்லை. ரத்தத்தாலும், தாம்பத்திய உறவாலும், பிரசவத்தாலும், பகிர்ந்துகொள்ளும் சவரக் கத்தியாலும் ஊசியாலும்தான் பரவுகிறது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் சோதித்து, கிருமியும் காப்பும் இல்லாதவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுவிட்டால், அந்த வீட்டில் பயத்துக்கு இடமில்லை. தாய்க்குத் தொற்று இருந்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் போடவேண்டும், அவளுடைய டி.என்.ஏ. அளவு இரண்டு லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் கர்ப்ப காலத்திலேயே அவள் மாத்திரை உண்ணவேண்டும். கர்ப்பகால அட்டையில் ‘பாஸிட்டிவ்’ என்று எழுதிவிட்டு டி.என்.ஏ. பார்க்காமல் விடுவது, கண்டும் காணாதது போலாகும்.

வளைகுடா வேலைக்கான பரிசோதனையில் இந்தக் கிருமி தென்பட்டால் ‘அன்ஃபிட்’ என்று முத்திரை விழுகிறது. அது அந்த அரசாங்கங்களின் விதி. இங்கிருந்து மாற்றக்கூடியது அன்று. ஆனால் பரிசோதனை நடப்பது நம் நகரங்களில், சோதிக்கப்படுகிறவர் நம் பிரஜை. கடன் வாங்கிப் புறப்பட்ட ஓர் இளைஞர் முத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், பத்து வருஷம் கழித்து வயிறு வீங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வர நேர்ந்தால், முதல் நாளே உண்மையை அறிந்திருந்தும் அவருக்கு விளக்காதவர்களுக்கு அதில் பங்கில்லை என்று என்னால் ஒப்ப முடியவில்லை. அத்தகைய மையங்கள் உள்பட, இந்தச் சோதனையைச் செய்கிற ஒவ்வொரு கூடமும், ‘ரியாக்டிவ்’ என்ற தாளோடு, அதன் பொருளைத் தெளிந்த தமிழில் சொல்லும் ஒரு பக்கத்தையும், அருகில் இலவச சிகிச்சை கிடைக்கும் அரசு மருத்துவமனையின் பெயரையும், அங்கே நேராகக் காட்டத்தக்க ஒரு கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். புதிய கட்டடமோ புதிய இயந்திரமோ இதற்கு வேண்டாம். அந்தக் கடிதத்திலேயே அவருடைய மனைவி, மக்கள், உடன்பிறந்தார் ஆகியோர் பரிசோதனைக்கு வரவேண்டிய தேதியையும் குறித்துக் கொடுக்க வேண்டும்.