தெர்மகோல் பீரங்கி வேண்டாம், பெயர்களை எழுதுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். டீ குடித்துக்கொண்டே படியுங்கள், ஆனால் முழுதும் படியுங்கள். முடிவில் உங்களிடம் ஒரு வேலை கேட்கப்போகிறேன்.

ஆண்டுக்கு நாலு முறை நம் நூலகங்களுக்கு ராணுவ வீரர்கள் ஞாபகம் வரும். குடியரசு நாள், கார்கில் வெற்றி நாளான ஜூலை 26, சுதந்திர நாள், டிசம்பர் 7 கொடிநாள். அன்றைக்கு வாசலில் ஒரு மேசை போட்டு மூவர்ண ரிப்பன் கட்டி, உயிர்நீத்த வீரர்களுக்கு வீரவணக்கம் என்று கண்காட்சி வைப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மேசையில் உயிர்நீத்தவர் எங்கே? எனக்குக் கண்ணில் படுவதெல்லாம் ஆயுதங்கள். செத்தவரை நினைக்கப் போய்ச் சாகடிக்கும் கருவியை அலங்கரித்து வைப்பது நினைவஞ்சலி ஆகாது. அதற்குப் பொம்மைக் கடை போதும், நூலகம் எதற்கு?

இந்த ஜூலையில் ஒரு நூலகத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பல ஊரிலும் இதே கதைதான். தெர்மகோலில் ஒரு பீரங்கி, பச்சை பெயின்ட் அடித்து. அட்டையில் இரண்டு போர் விமானம். ஃபிளெக்ஸ் பேனரில் முகம் தெரியாத ஒரு வீரர் துப்பாக்கியோடு நிற்கிற கம்ப்யூட்டர் படம். பக்கத்தில் செல்ஃபி எடுக்க இடம். பிள்ளைகள் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேசையில் இருந்த நூல்கள் ராணுவத்தில் சேருவதற்கான தேர்வு கைடுகள். மீதி நாலு புத்தகம் கண்ணாடி அலமாரியில், பூட்டுப் போட்டு. மேசையை இரண்டு முறை சுற்றி வந்தேன். இறந்த ஒரு வீரரின் பெயர்கூட இல்லை. ஒரே ஒரு பெயர்கூட!

பெயர் எழுதுவது நமக்குத் தெரியாத வித்தையா? நடுகல் நட்ட இனம் நாம். ஊரின் ஆநிரையைக் காக்கவோ மீட்கவோ போய் இறந்தவனுக்குக் கல் நட்டு, பெயர் பொறித்து, மயிற்பீலி சூட்டிய செய்தி சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழ்பிராமி எழுத்து இருக்கிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்டது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாய்க்குக் கொடுத்த மரியாதையை, இன்றைக்கு எல்லையில் செத்த மனிதனுக்கு நம் நூலக மேசை கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

பெயரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. முதல் உலகப்போருக்குக் கடல் கடந்து போன இந்தியர்கள் 10 லட்சத்துக்கு மேல். இறந்தவர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல். போர் முடிந்ததும் ஆங்கிலேய அரசு நம் ஊர்கள் பலவற்றில் பளிங்குக் கல் பதித்தது. இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர் இத்தனை பேர், உயிர்விட்டவர் இத்தனை பேர் என்று அதில் எண்ணிக்கை இருக்கும். பெயர் இருக்காது. அந்த மூன்று பேர், நாலு பேர் யார் என்று இன்று அந்த ஊரிலேயே எவருக்கும் தெரியாது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் தன் பழைய கணக்கைத் தானே தோண்டிப் பார்த்தது. பேரரசுக்காக அந்தப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லி நினைவுச்சின்னம் வைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள். நூறு வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கிற அளவுக்குப் பெரிய குற்றம் அது. அதையே நாம் வருஷாவருஷம் ரிப்பன் கட்டிச் செய்கிறோம்.

பீரங்கிப் படத்தின் இன்னொரு கோளாறு, அது பொய் சொல்கிறது. வீரர்கள் எப்படி இறக்கிறார்கள் என்பதையே மறைத்துவிடுகிறது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் ஏறத்தாழ 19,500 அடி உயரத்தில் இருந்த காவல் சாவடி பனிச்சரிவில் புதைந்தது. மதராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள் போனார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டு, டெல்லி மருத்துவமனையில் இறந்தார். எதிரி சுடவில்லை, பனி கொன்றது. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் துப்பாக்கிச் சூடே கிடையாது. கல்லும் கம்பும் இரும்புத் தடியும்தான். 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் 1999 மே 29 அன்று கார்கில் போரில், படாலிக் பகுதியில் இறந்தார். அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு மாதம் அந்த வீட்டில் எப்படிப் போயிருக்கும் என்று தெர்மகோல் பீரங்கி பிள்ளைக்குச் சொல்லுமா?

கலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கலை எண்ணத் தெரிந்ததாக, பெயர் சொல்லத் தெரிந்ததாக இருக்கட்டும். 2014இல் லண்டன் கோட்டை அகழியில் பீங்கானால் செய்த சிவப்புப் பாப்பிப் பூக்களை நட்டார்கள். எண்ணிக்கை 8,88,246. முதல் உலகப்போரில் இறந்த பிரிட்டன், காலனி நாட்டு வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ. பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் கனம் புரிந்தது. வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச்சுவரை வடிவமைத்த மாயா லின், தேர்வானபோது 21 வயது மாணவி. துப்பாக்கி இல்லை, குதிரை இல்லை. கருங்கல் சுவர், இறந்த தேதி வரிசையில் 58 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள், அவ்வளவுதான். வருகிறவர்கள் பெயரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப்போகிறார்கள். நம் டெல்லியிலும் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் கருங்கல்லில் இருக்கின்றன. டெல்லிக்குத் தெரிந்தது நம் கிளை நூலகத்துக்குத் தெரியக்கூடாதா?

செலவும் ஒன்றும் இல்லை. கார்கிலில் இறந்தவர்கள் அரசுக் கணக்குப்படி 527 பேர். 527 காகித இலைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் ஊரும் பிள்ளைகள் கையெழுத்தில் எழுதி, சுவரில் ஒரு மரம் செய்யச் சொல்லுங்கள். 527 என்ற எண் பரீட்சையில் ஒரு மார்க். 527 முறை பெயர் எழுதுவது வேறு. எழுதி எழுதிக் கை வலிக்கும்போதுதான் அது எத்தனை பேர் என்று பிள்ளைக்கு உறைக்கும். தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்திய எந்த ஆசிரியருக்கும் இது தெரியும்.

இனி புத்தகங்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நூல் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது அதில் முதல் விதி. அவர் பிறந்த மண்ணில், வீரர் நாளில்கூட நூலுக்குப் பூட்டு! பூட்டைத் திறங்கள். பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகட்டும்.

என்ன வைக்கலாம் என்று கேட்பீர்கள். புறநானூறு, உரையோடு. அதில் மறக்குடித் தாய்மார்களும் உண்டு, கையறுநிலைப் பாட்டும் உண்டு. வீரத்தையும் அழுகையையும் ஒரே நூலில் வைத்தவர்கள் நம் முன்னோர்கள். ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டும் கட்டாயம். நேதாஜி படையில் சேர்ந்த மலேயாத் தமிழ் இளைஞர்களை அங்கே பார்க்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு முல்க் ராஜ் ஆனந்த் எழுதிய 'அக்ராஸ் தி பிளாக் வாட்டர்ஸ்'. பிரான்ஸ் பதுங்குகுழியில் நின்ற இந்தியச் சிப்பாயின் கதை. ரெமார்க் எழுதி 1929இல் வந்த 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரன்ட்'. எழுதியவரே அந்தப் போரில் காயம்பட்ட ஜெர்மன் சிப்பாய். எதிரி வீட்டிலும் அம்மா உண்டு என்று அதைப் படித்தால் தெரியும். ரச்னா பிஷ்ட் ராவத்தின் 'தி பிரேவ்', பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரைப் பற்றியது. 'அமரன்' படம் பார்த்துவிட்டு மேஜர் முகுந்த் வரதராஜனுக்காக அழுதீர்களே, அந்தப் படத்துக்கு மூலமான 'இந்தியாஸ் மோஸ்ட் ஃபியர்லெஸ்' நூலையும் வையுங்கள். படம் பார்த்த பிள்ளையைப் புத்தகத்துக்குக் கூட்டிவர இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

இரண்டு ஆட்சேபம் வரும், தெரியும்.

ஒன்று, குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேசலாமா என்பது. பேசாமல் எப்படி இருப்பது? வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பிய ஊர்கள் நமக்கு உண்டு. அந்த மேசை முன்னால் வந்து நிற்கிற பிள்ளைகளில் ஒன்று அப்பாவை இழந்த பிள்ளையாக இருக்கலாம். அதன் கண்ணுக்கு முன்னால் மற்ற பிள்ளைகள் பீரங்கியோடு செல்ஃபி எடுக்கின்றன. அந்தப் பிள்ளை தன் அப்பாவின் பெயரைத் தேடும். நாம் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

இரண்டு, இப்படிப் பேசுவது தேசபக்திக்குக் குறைவு என்பது. வீரரை நினைப்பது வேறு, போரைக் கொண்டாடுவது வேறு. இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். 1987 முதல் 1990 வரை ஏறத்தாழ 1,200 வீரர்கள் அங்கே இறந்தார்கள். பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர். இலங்கை அரசே பத்தரமுல்லையில் அவர்களுக்கு நினைவிடம் கட்டியது. நம் நூலகங்களில் அவர்கள் பெயரை யாரும் எடுப்பதில்லை, சங்கடம். அந்தப் படையால் ஈழத்தமிழர் பட்ட துயரமும் உண்மை, அனுப்பியது சரியா என்ற கேள்வியும் உண்மை. எல்லாவற்றையும் ஒரே மேசையில் வையுங்கள் என்கிறேன். அனுப்பியவர்களைக் கேள்வி கேட்பதால் போனவர்களுக்கு அவமரியாதை இல்லை. கேள்வி கேட்கத் தெரிந்த தலைமுறைதான் அடுத்த முறை ஒருவரை வீணாகச் சாக அனுப்பாது. அதைக் கற்றுத்தர நூலகத்தை விட்டால் வேறு இடம் ஏது?

இப்போது உங்களுக்கு வேலை. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. உங்கள் ஊர் நூலகருக்கும் வாசகர் வட்டத்துக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர்களைத் திட்டாதீர்கள். தனி ஆளாக நூலகம் நடத்துகிற நூலகர்கள் எத்தனையோ பேர், கூட நின்று உதவுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய், உங்கள் மாவட்டத்தில் உயிர்நீத்தவர்களைப் பற்றிக் கேளுங்கள். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் பெயரும் ஊரும் எழுதுங்கள். அவர்கள் விரும்பினால் ஒரு போட்டோ, ஒரு கடிதம். விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். டிசம்பர் 7க்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.

ராணுவத்தில் இருக்கிற என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணுகளா, உங்கள் பெயர் எந்தச் சுவரிலும் வரக்கூடாது, நல்லபடியாக ஊர் திரும்ப வேண்டும் என்பதுதான் டீச்சரின் வேண்டுதல்.

மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் ஊரில் நாட்டுக்காக இறந்த ஒருவரின் பெயரை, ஊரோடு, கீழே எழுதுங்கள். தெரியாது என்றால் நாளைக்கே விசாரித்து வந்து எழுதுங்கள்.