தவணையில் வரும் உண்மை, ஒரே நாளில் வரும் சிறை



ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பேருக்குக் குறையாமல் வருவார்கள். பாதிப் பேர் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வரும் கல்லூரி மாணவர்கள். போன மாதம் ஒன்பது பேர்தான் இருந்தோம்.

காரணம் இதுதான். சாதாரண உடையில் வந்த ஒருவர், ஒரு மாணவரின் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, நூற்பாலை ஷிப்ட் முடிந்து வந்த அவருடைய அப்பாவிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். "பையன் ஞாயித்துக்கிழமை எங்க போறான்? போன்ல என்னென்ன குரூப்புல இருக்கான்?" மிரட்டவில்லை, கேட்டார், அவ்வளவுதான். அன்றிரவே அந்த மாணவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். அடுத்த வாரம் அவருடைய நண்பர்களும் வரவில்லை.

அவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அன்று வந்திருந்த ஒன்பது பேரில் ஒரு தம்பி கேட்ட கேள்வி எங்களைச் சுட்டது. "அண்ணே, பெகாசஸ் பெகாசஸ்னு அவ்வளவு பேசினாங்களே, அது என்ன ஆச்சு? முடிஞ்சு போச்சா?"

முடியவில்லை தம்பி. நாம்தான் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

2021 ஜூலை 18 அன்று முதல் தவணை வெளிவந்தது. இஸ்ரேலின் என்.எஸ்.ஓ நிறுவனம் விற்கும் பெகாசஸ் என்ற உளவு மென்பொருளுக்கு இலக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்று கருதப்படும் 50,000-க்கும் மேற்பட்ட தொலைபேசி எண்களின் பட்டியல் கசிந்தது. பாரிஸின் ஃபர்பிடன் ஸ்டோரீஸ், ஆம்னெஸ்டி, அவற்றோடு 17 ஊடகங்கள் சேர்ந்து அதை ஆராய்ந்தன. இந்தியாவில் 'தி வயர்' வெளியிட்டது. பட்டியலில் எண் இருப்பதாலேயே அந்தப் போனுக்குள் உளவு நுழைந்துவிட்டது என்று பொருளல்ல. போனைச் சோதித்தால்தான் அது தெரியும். அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்கிறது என்.எஸ்.ஓ. அப்படியானால் இந்திய எண்களைத் தேடியது எந்த அரசு?

முதல் நாள் பத்திரிகையாளர்கள். மறுநாள் ராகுல் காந்தி, பிரசாந்த் கிஷோர், ஒன்றிய அமைச்சர்கள். அதற்குள் ஊடகங்களுக்குத் தீனி கிடைத்துவிட்டது. அதன் பிறகு வந்த பெயர்களை எத்தனை பேர் கவனித்தோம்? அகில இந்திய அம்பேத்கர் மகாசபையின் தலைவர் அசோக் பாரதியின் எண் அந்தப் பட்டியலில் இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த தீர்ப்பை எதிர்த்து 2018 ஏப்ரல் 2 அன்று நாடே ஸ்தம்பித்ததே, அந்தப் போராட்டக் காலத்து ஆள் அவர். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி மீது பாலியல் புகார் கொடுத்த பெண் ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் சொந்தமான 11 எண்கள் இருந்தன. தமிழ்நாட்டில் திருமுருகன் காந்தி, சீமான், தந்தை பெரியார் திராவிடர் கழகத்தின் கு. இராமகிருட்டிணன், திராவிடர் கழகத்தின் பொருளாளர் குமரேசன் ஆகியோரின் எண்கள் இருந்தன. டிவி விவாதங்கள் ராகுல் காந்தியைத் தாண்டி இவர்களிடம் வந்துசேரவே இல்லை.

"மொத்தப் பட்டியலையும் ஒரே நாளில் கொட்டியிருக்கலாமே, எதற்கு இந்தச் சீரியல்?" என்று நம் தோழர்களே அப்போது கேட்டார்கள். அதற்கு இரண்டு பதில்கள். ஒன்று, எண் யாருடையது என்று உறுதி செய்யவும் போனைச் சோதிக்கவும் காலம் பிடிக்கும். சரிபார்க்காமல் கொட்டினால் பட்டியலில் உள்ள சாமானியர்களுக்குத்தான் ஆபத்து. இரண்டு, தவணைதான் பொய்யைப் பிடிக்கிறது. 2021 ஜூலை 19 அன்று தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் மக்களவையில் எழுந்து, கூட்டத்தொடருக்கு முந்தைய நாள் இந்தச் செய்தி வந்தது தற்செயல் அல்ல என்றார், எல்லாவற்றையும் மறுத்தார். அதே நாளில் வந்த அடுத்த தவணையில் அவருடைய எண்ணே இருந்தது! 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் ஆவணங்களிலும் இதுவே நடந்தது. கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தரவுகளைத் திரட்டுகிறீர்களா என்று மார்ச் மாதம் செனட்டில் கேட்டபோது, தெரிந்தே அப்படிச் செய்யவில்லை என்று உளவுத்துறைத் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பர் மறுத்தார். ஜூன் மாதம் ஆவணம் பேசியது.

ஆகவே தவணை முறையோடு எங்களுக்குச் சண்டை இல்லை. உண்மை தவணையில் வரும்போது சிறை மட்டும் ஒரே நாளில் மொத்தமாக வருகிறதே, எங்கள் கோபம் அதன் மீதுதான். பீமா கோரேகான் வழக்கின் தேதிகளை அடுக்கிப் பாருங்கள்.

2018 ஜனவரி 1: பேஷ்வா படையை எதிர்த்து மகர் வீரர்கள் நின்ற போரின் 200-ஆம் ஆண்டு. அஞ்சலி செலுத்தக் கூடிய தலித் மக்கள் மீது தாக்குதல்.
2018 ஜூன் 6: சுதிர் தாவ்லே, சுரேந்திர காட்லிங், ரோனா வில்சன், ஷோமா சென், மகேஷ் ராவத் கைது.
2019 அக்டோபர்: பெகாசஸ் மூலம் உலகெங்கும் சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டதாக வாட்ஸ்அப் அறிவித்தது. இந்தியாவில் எச்சரிக்கை பெற்றவர்களில் ஆனந்த் டெல்டும்டேவும், சத்தீஸ்கரின் தலித் செயற்பாட்டாளர் டிகிரி பிரசாத் சவுகானும் உண்டு.
2020 ஏப்ரல் 14: அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளில் டெல்டும்டே சரணடைய வைக்கப்பட்டார்.
2020 அக்டோபர் 8: ஸ்டான் சுவாமி கைது.
2021 பிப்ரவரி: ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் 22 மாதங்கள் ஊடுருவல் இருந்தது, குற்றம் சாட்டப் பயன்பட்ட கடிதங்கள் வெளியிலிருந்து வைக்கப்பட்டவை என்று அமெரிக்காவின் ஆர்சனல் ஆய்வகம் சொன்னது.
2021 ஜூலை 5: ஸ்டான் சுவாமி மரணம்.
2021 ஜூலை 18: பெகாசஸ் பட்டியல். இவ்வழக்கில் கைதான பலரின் எண்கள் அதில் இருந்தன.
2022 ஜூன்: ஊடுருவப்பட்ட மின்னஞ்சல் கணக்குகளுக்கும் புனே காவல்துறை அதிகாரி ஒருவருக்கும் தொடர்பு இருப்பதாக சென்டினல்ஒன் ஆய்வாளர்களின் தகவலை 'வயர்டு' இதழ் வெளியிட்டது.
2022 டிசம்பர்: ஸ்டான் சுவாமியின் கணினியிலும் 40-க்கும் மேற்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து வைக்கப்பட்டவை என்றது ஆர்சனல்.

என்.ஐ.ஏ இந்த ஆய்வுகளை ஏற்கவில்லை. சரி, ஏற்க வேண்டாம். நீதிமன்றத்தில் சோதிக்கட்டும். ஆனால் அந்தச் சோதனைக்கு முன்பே தண்டனையை அனுபவிக்க வைத்துவிட்டார்களே! திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த 84 வயது முதியவர், நடுங்கும் கையால் தம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் டம்ளருக்காக மனுப்போட்டுக் காத்திருந்தவர். அவருடைய உண்மை அவர் இறந்து 17 மாதம் கழித்து வந்தது.

உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? 2021 அக்டோபர் 27 அன்று ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் குழு அமைத்தது. 2022 ஆகஸ்ட் 25 அன்று, சோதித்த 29 போன்களில் ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்ற மூன்று விஷயங்களைச் சொன்னது. அறிக்கை சீலிட்ட உறைக்குள் போய்விட்டது. 2025 ஏப்ரல் 29 விசாரணையில், பாதுகாப்பு தொடர்பான அறிக்கை வீதியில் விவாதிக்கும் ஆவணமாக ஆகக் கூடாது என்றார்கள் நீதிபதிகள்.

அதாவது, எங்கள் தெருவைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து விவாதிக்கலாம். அந்த அறிக்கையை மட்டும் எங்கள் தெருவில் விவாதிக்கக் கூடாது!

இதே காலத்தில் அமெரிக்காவில் வாட்ஸ்அப் தொடுத்த வழக்கில் 2024 டிசம்பரில் என்.எஸ்.ஓ பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கின் ஆவணம் ஒன்று 2025-இல் வெளிவந்தபோது, குறிவைக்கப்பட்டவர்களில் 100 பேர் இந்தியாவில் இருந்தவர்கள் என்று தெரிந்தது. நம் நாட்டுச் செய்தியை நாம் கலிபோர்னியா நீதிமன்றத்திலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

"ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்பவர்கள் வருவார்கள். அவர்களை நம் சேரிக்கு அழைத்து வாருங்கள். யார் செருப்புப் போட்டு நடந்தான், யார் புது பைக் வாங்கினான், யார் யாரோடு போனில் பேசினாள் என்று ஊர்த்தெரு நம்மைத் தலைமுறைகளாகக் கண்காணித்தே வருகிறது. டீக்கடையில் வந்து கேட்டவர் ஒரு தகப்பனிடம் மட்டும் கேட்கவில்லை. கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் போட்டுவிட்டுப் போனார். அரசின் கண்காணிப்பு நம் விஷயத்தில் சாதியின் கைக்கு ஒரு தகவலாகப் போய்ச் சேரும். சாதி மறுத்துத் திருமணம் செய்து ஊரைவிட்டு ஓடிவந்த இணையருக்கு, அவர்கள் போன் எந்த டவரில் இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகம் அடையாளம் காணும் மென்பொருள் தளத்திலேயே திருட்டு நடந்தது. நம் முகங்களைச் சேகரிக்கத் தெரிந்தவர்களுக்குப் பூட்டத் தெரியவில்லை. ஆகவே டெல்லியைத் திட்டிவிட்டு சென்னையைத் தப்பவிடக் கூடாது.

இதில் சட்டத்தின் நிலை என்ன? ஒட்டுக்கேட்பு தனியுரிமை மீறல் என்று 1996-இல் பி.யு.சி.எல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இன்றுவரை ஆணை போடுவதும் அதிகாரி, அதைப் பரிசீலிப்பதும் அதிகாரிகள். நீதிபதியின் கையெழுத்தே தேவையில்லை. ஒன்றிய அரசு மட்டும் மாதம் 7,500 முதல் 9,000 வரை தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஆணைகள் போடுவதாக ஒரு தகவல் உரிமைக் கேள்விக்கான பதிலில் தெரிந்தது. இன்று அந்தத் தகவல் உரிமைச் சட்டத்தையே 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் வெட்டிக் குறைத்துவிட்டார்கள்.

நாம் என்ன செய்வது? எங்கள் வட்டம் முடிவு செய்ததைச் சொல்கிறோம்.

ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். மேலே உள்ளதைப் போலத் தேதி வாரியாக, எந்தத் தவணையில் என்ன வந்தது, யார் மறுத்தார், மறுப்பு எப்போது உடைந்தது என்று எழுதுகிறோம். பத்திரிகை அடுத்த பரபரப்புக்குப் போய்விடும், வழக்கு வாய்தாவில் தூங்கும், அரசு நம் மறதியை எதிர்பார்த்துக் காத்திருக்கும். அந்த மறதியை நாம் கொடுக்கக் கூடாது.

போனையோ லேப்டாப்பையோ காவல்துறை கேட்டால் சும்மா எடுத்துக் கொடுக்காதீர்கள். வழக்கறிஞரை அழையுங்கள். கைப்பற்றல் பட்டியல் கேளுங்கள். கருவியின் ஹாஷ் மதிப்பை அந்த இடத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு கோப்பு பின்னால் மாறினாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ் பிரிவு 105-இன்படி சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டியது அவர்கள் கடமை. ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது, அங்கே வழக்காடும் நம் தோழர்களின் எண்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும், போனில் மட்டுமல்ல, தாளிலும்.

கடைசியாக, குழுவை விட்டுப் போன தம்பியின் வீட்டுக்கு நாங்கள் போனோம். அவரைத் திரும்பக் கூப்பிடப் போகவில்லை. அப்பாவோடு உட்கார்ந்து டீ குடித்து, நாங்கள் என்ன புத்தகம் படிக்கிறோம் என்று காட்டிவிட்டு வந்தோம். "படிக்கிறதுக்கா இத்தனை விசாரணை?" என்று அவர் கேட்டார். அடுத்த ஞாயிறு தம்பி வருவாரா என்று தெரியாது. வராவிட்டாலும் அந்த நோட்டில் அவர் அப்பாவின் கேள்வியையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறோம்.

ஜெய்பீம்!